படிக்காமல் விட்ட அத்தியாயம்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம், தரை ஜில்லுனு இருக்கும். நீங்க ஜாக்கின்னு வாசல்ல பாத்தப்பவே தெரிஞ்சு போச்சு. இந்த உசரத்துல, இந்த மணிக்கட்டோட, சீசன் நேரத்துல ஊட்டிக்கு வேற யாரு வரப்போறாங்க. அந்த நாற்காலில உக்காருங்க. அது இல்ல, அதுல முனவர் உக்காருவான். சரி, பரவால்ல, அதுலயே உக்காருங்க. ராசியான நாற்காலிதான். ரொம்ப நாள் ராசியாத்தான் இருந்துச்சு.

பேரு ஜெயசீலனுங்களா. நல்ல பேரு. லாயத்துல சொல்லி அனுப்பினாங்களாக்கும். "புக் சார் படிக்கறதைக் கேட்டுட்டுப் போய்க் குதிரை ஏறு, ஜெயிப்பே"ன்னு. நான் யாரையும் வரச் சொல்றதில்லீங்க. வந்தா வேண்டாம்னு சொல்றதும் இல்ல. இந்த ஏழு வருஷத்துல நீங்கதான் முதல்ல வந்திருக்கீங்க. அதனால எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாவே இருக்கு, மறைக்கறதுக்கு என்ன இருக்கு.

டீ போடறேன். பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம், தெரியும். ஜாக்கிங்க வயித்தைக் காயப் போடறது எனக்குப் புதுசில்ல.

நான் குதிரை மேல ஏறினதில்ல. ஒத்தைப் பைசா பந்தயம் கட்டினதும் இல்ல. இதை எங்க வேணா சொல்லுவேன், யாரு வேணா விசாரிச்சுக்கலாம். கெங்குசாமின்னா கைசுத்தம். மார்க்கெட்டுக்கு மேல முப்பத்தோரு வருஷம் லெண்டிங் லைப்ரரி வச்சிருந்தேன். குடும்ப நாவல், துப்பறியும் கதை, சமையல் குறிப்பு, எல்லாம் இருந்துச்சு. கடையை மூடினப்ப மத்ததை எல்லாம் எடைக்குப் போட்டுட்டேன். இந்த ஒரு அலமாரிய மட்டும் மனசு வரலை. நாப்பத்தோரு புத்தகம், எல்லாமே குதிரைப் பந்தயம். ரேஸ் பாக்க வர்றவங்க வாடகைக்கு எடுக்க வருவாங்க, ஊருக்குக் கிளம்பறப்ப பெட்டில இடமில்லைன்னு அவங்க புத்தகத்தையும் என் கிட்டயே தள்ளிட்டுப் போவாங்க. அப்படிச் சேந்ததுங்க. நானே பைண்டிங் பண்ணினேன். பேரை வச்செல்லாம் எனக்குத் தெரியாது, அட்டை நிறம்தான் கணக்கு.

எனக்குப் பிடிச்சது மூணு. சிவப்பு அட்டை, அது தமிழ். எங்கப்பா காலத்துல மெட்ராஸ்ல அச்சடிச்சது. ஒரு ஜமீன்தார், ஒரு கறுப்புக் குதிரை, ஒரு திருட்டுப் பய. கடைசில குதிரைதான் திருடனைக் கண்டுபிடிக்கும். எத்தனை தடவை படிச்சாலும் அந்த இடத்துல எனக்குக் கண்ணு நிறைஞ்சுடும். மஞ்சள் அட்டை, ஒரு வெள்ளைக்காரன் குதிரை பழக்கினவன், அவன் எழுதின டைரி. அவன் பொண்டாட்டியைப் பத்தி மூணு வரிதான் இருக்கு, குதிரைங்க பல்லைப் பத்தி முப்பது பக்கம். படிச்சா சிரிப்பு தாங்காது.

மூணாவது, இந்தப் பச்சை அட்டை. கையில வாங்கிப் பாருங்க, பயப்படாதீங்க. ஒரு ஜாக்கி அவன் வாழ்க்கையை அவனே எழுதினது. லாயத்துல சாணி அள்ளினவன், கடைசி அத்தியாயத்துல ராஜாவே இறங்கி வந்து அவன் கையைப் பிடிச்சுக் குலுக்கறாரு. முப்பத்திரண்டு அத்தியாயம். இங்கிலீஷ்தான். நான் அதைப் பாத்துக்கிட்டே தமிழ்ல சொல்லிக்கிட்டே போவேன். அப்படிச் சொல்றதுக்கு ஒரு வாய் வேணுங்க. எங்கப்பா கிட்ட இருந்து வந்தது.

முனவர் வந்தது ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மழை நாள். மெட்ராஸ்க்காரன், சைதாப்பேட்டை. குதிரைங்களோட லாரிலயே மலையேறி வந்திருந்தான். எழுதப் படிக்க வராது. கடைக்குள்ள மழைக்கு ஒதுங்கினவன், சுவத்துல இருந்த குதிரைப் படத்தைப் பாத்துட்டு, "இன்னா சார், இதுல எல்லாம் குதிரைக் கதையா? படிச்சுச் சொல்றியா?"ன்னான். ஒருமைதான், ஆனா அந்தப் பையன் கூப்பிட்டா கோவமே வராது. அவனுக்கு அப்ப இருபத்தாறு வயசு. ரெண்டு வருஷமா ஒரு பந்தயம் ஜெயிக்கலை. அந்த சீசனும் இப்படியே போச்சுன்னா இனி எந்த ட்ரெயினரும் குதிரை தர மாட்டாங்க, குதிரைக்குப் புல் போடற வேலைதான்னு சொன்னான். ஊர்ல பொண்டாட்டி ஷம்ஷாத், கைக்குழந்தை.

அதுக்கப்புறம் தினமும் ரெண்டு மணிக்கு, நான் கடையைச் சாத்திட்டுச் சாப்பிட வர்ற நேரத்துக்கு, இங்க வீட்டுக்கு வருவான். காலைல குதிரை ஓட்டிப் பழக்கிட்டு, அரை வயித்துக்கு எதையோ தின்னுட்டு, இந்த நாற்காலில கால் ரெண்டையும் மேல போட்டுக்கிட்டு உக்காந்துக்குவான். நான் படிப்பேன். நாலு மணிக்குப் போவான். எனக்குப் பொண்ணு ஒருத்திதான், திருப்பூர்ல கட்டிக் குடுத்தாச்சு. வாசப் பக்கம் அவன் செருப்புச் சத்தம் கேட்டா எனக்கு ஒரு உசிரு வந்த மாதிரி இருக்குமுங்க. சொந்தப் பையனாட்டம்தான் வச்சிருந்தேன்.

இப்ப என் படிப்பு முறையைச் சொல்லிடறேன், அது தெரிஞ்சுக்கிட்டுக் கேக்கறதுதான் நல்லது. எங்கப்பா மேட்டுப்பாளையத்துல பஜனை மடத்துல புரட்டாசி மாசம் முழுக்க ராமாயணம் படிப்பாரு. அவரு கிட்ட ஒரு கட்டுப்பாடு. தசரதன் சாவு வந்தா நாலு வரில தாண்டிடுவாரு. சடாயு இறக்கை வெட்டுப்படறது, தாண்டிடுவாரு. கேக்கற கூட்டத்துல பிள்ளைத்தாச்சி யாராச்சும் இருந்தா சீதையைக் காட்டுக்கு அனுப்பற பேச்சையே எடுக்க மாட்டாரு. எந்த நல்ல காரியத்துக்காகப் படிக்கிறமோ அதுக்குக் கெட்டதா ஒரு சொல் காதுல விழக்கூடாதும்பாரு. கடைசி நாள் பட்டாபிஷேகம். அன்னிக்கு எல்லாருக்கும் கேசரி. பட்டாபிஷேகம் படிச்சு மூடின புத்தகத்தைத் திரும்பத் தொறக்கவே கூடாது. அப்படியே பட்டுத் துணில சுத்தி மேல வச்சுடணும்.

நானும் அப்படித்தான். பந்தயத்துல ஏறப்போற பையனுக்குப் படிக்கிறோம், அவனுக்கு அமங்கலமா ஒண்ணு சொல்லலாமா? சிவப்பு அட்டைல குதிரை சாகற பக்கம் ஒண்ணு உண்டு, விட்டுட்டேன். மஞ்சள் டைரில ஒரு தொத்து வியாதி வரும், விட்டுட்டேன். பச்சை அட்டைல இருபத்தோராம் அத்தியாயம். அதை விட்டுட்டு இருபதுல இருந்து நேரா இருபத்திரண்டுக்குப் போயிட்டேன். அவனுக்குத் தெரியவே தெரியாது, அவ்வளவு நைசா ஒட்டிச் சொல்லுவேன்.

அதுல என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? வேண்டாங்க. சனிக்கிழமை ஏறப்போறவரு நீங்க. ஒரு குதிரைக்கு ஒரு கெடுதி வருது, அது வர்றதுக்கு முன்னாடி ஒரு அறிகுறி காட்டுது, அந்த ஜாக்கி அதைக் கவனிக்காம விட்டு விழுந்து ஆறு மாசம் படுத்துடறான். அப்புறம் வர்ற தலைமுறைக்கு நல்லதா இருக்கட்டும்னு அந்த அறிகுறியை விலாவாரியா எழுதி வச்சிருக்கான். எழுதினவன் எழுதிட்டான். ஏறப்போறவன் கிட்ட அதை வாயால சொல்றது அப்படி நடக்கட்டும்னு சொல்றதுக்குச் சமம். இவ்வளவு போதும்.

முனவர் விஷயத்துக்கு வர்றேன். படிக்க ஆரம்பிச்ச முதல் சனிக்கிழமையே ஜெயிச்சான். யாரும் திரும்பிக்கூடப் பாக்காத ஒரு நொண்டிக் கழுதைமேல ஏறி ஜெயிச்சான். அடுத்த வாரம் ரெண்டு. லாயம் முழுக்கப் பேச்சாயிருச்சு. "புக் சாராண்ட போய்ட்டு வந்தா ஒரு தைரியம் சார், குதிரை என் பேச்சைக் கேக்குது"ம்பான். ஆறு வாரத்துல அஞ்சு பந்தயம். ட்ரெயினர் பெள்ளியப்பா, குடகுக்காரரு, ரொம்ப நிதானமான மனுஷன், அவரே முனவரைக் கூப்பிட்டு சீசனோட பெரிய பந்தயத்துக்குக் காப்பர் பெல்லைக் குடுத்துட்டாரு. பெண் குதிரை. செம்பு நிறம், நெத்தில ஒரு பொட்டு. நான் வேலிக்கு வெளிய நின்னு பாத்திருக்கேன், அப்படி ஒரு லட்சணம்.

நான் கணக்குப் போட்டுப் படிச்சேங்க. பெரிய பந்தயத்துக்கு முந்தின நாள் கடைசி அத்தியாயம், ராஜா கைகுலுக்கற இடம். அதுதான் நம்ம பட்டாபிஷேகம். வீட்டுக்காரி கேசரி கிளறினா. முனவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வச்சுக்கிட்டான், எடை ஏறிடும்னு. நான் புத்தகத்தை மூடி, ஒரு துண்டுல சுத்தி மேல வச்சுட்டேன். மனசு நெறஞ்சு போச்சு எனக்கு.

அவன் கிளம்பலை. செருப்பைப் போட்டவன் திரும்பி வந்து உக்காந்தான்.

"சார், ஒண்ணு கேக்கறேன். காப்பர் பெல்லு நாலு நாளா ஒரு மாதிரி பண்ணுது." என்ன பண்ணுதுன்னு சொன்னான். "டாக்டரு காலைத் தடவிப் பாத்துட்டு ஒண்ணுமில்லேன்ட்டாரு. ஓடும்போதுதான் அப்படிப் பண்ணுது, அது எனக்கு மட்டுந்தான் தெரியும். பெள்ளியப்பா சார் சொல்லிக்கீறாரு, சந்தேகம்னா சொல்லிடு, நிறுத்திடலாம், வேற பந்தயம் வரும்னு. எனக்கு இன்னான்னு சொல்லத் தெரியலை சார். இது பயமா, நிஜமான்னு புரியலை. நீ இவ்ளோ புஸ்தகம் படிச்சுக்கீறே. அந்த ஜாக்கி எழுதினதுல இந்த மாதிரி எதுனா வருதா? வந்தா சொல்லு, நான் போயி நிறுத்திடறேன்."

இதை நான் இதுவரைக்கும் யார் கிட்டயும் சொன்னதில்ல தம்பி. உங்க கிட்டதான் சொல்றேன். நீங்களும் அதே நாற்காலில உக்காந்திருக்கறதால இருக்கும்.

அவன் சொன்ன அறிகுறி இருபத்தோராம் அத்தியாயத்துல எழுத்துக்கு எழுத்து இருந்துச்சு.

நான் என்ன பண்ணுவேன், நீங்களே சொல்லுங்க. பட்டாபிஷேகம் முடிஞ்சாச்சு. புத்தகத்தைத் துணில சுத்தியாச்சு. கேசரி குடுத்தாச்சு. அதுக்கப்புறம் திரும்ப எடுத்துப் பிரிச்சு, நடுவுல இருந்து ஒரு குதிரைச் சாவைப் படிக்கறதா? ஆறு வாரம் நான் சேத்து வச்ச நல்லதெல்லாம் என்னாகறது? இல்லப்பா, அப்படி ஒண்ணும் இந்தப் புத்தகத்துல இல்லைன்னு சொன்னேன். போயி நல்லாத் தூங்குன்னு சொன்னேன். அவன் முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. என் காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனான்.

என் வீட்டுக்காரி அடுப்பங்கரைல இருந்து கேட்டுட்டு இருந்திருக்கா. அந்த அத்தியாயம் அவளுக்குத் தெரியும், புத்தகம் வந்த புதுசுல அவளுக்குப் படிச்சுக் காட்டியிருக்கேன். வெளிய வந்து, "ஏனுங்க, இருக்குதில்ல அதுல? ஓடிப் போயிச் சொல்லிட்டு வாங்க, மார்க்கெட் வரைக்கும் கூடப் போயிருக்க மாட்டான்"னா. நாளைக்கு நல்ல காரியம், வாயை மூடுன்னேன். அவ அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை. இப்ப அவ திருப்பூர்ல பொண்ணு வீட்டுல இருக்கா. ஊட்டிக் குளிரு ஒத்துக்கலையாம். இருபத்தெட்டு வருஷம் ஒத்துக்கிட்ட குளிரு, திடீர்னு ஒத்துக்கலை. பொம்பளைங்க மனசு யாருக்குப் புரியுது.

மறுநாள் தூறல். நான் டிக்கெட் எடுத்து உள்ள போறவனில்ல, மேட்டு ரோட்டுல குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அங்க இருந்து மைதானம் முழுக்கத் தெரியும். கடைசித் திருப்பம் வரைக்கும் காப்பர் பெல் மூணாவதா வந்துட்டிருந்துச்சு. முனவரோட நீலச் சட்டை. திருப்பத்துல அவன் லேசா நிமிந்தான். நிறுத்தப் பாக்கறான்னு எனக்கு அங்க இருந்தே தெரிஞ்சுச்சு. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நிறுத்தலை. என் பேச்சை நம்பித்தான் நிறுத்தலைன்னு நினைச்சப்ப எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு.

குதிரை விழுந்துச்சு. பின்னால வந்த ஒண்ணு அவன் மேல ஏறிப் போச்சு. பச்சைத் துணியால ஆளுங்க குதிரையைச் சுத்தி மறைச்சாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு சத்தம் கேட்டுச்சு, சின்னச் சத்தம்தான். காப்பர் பெல்லை அங்கயே சுட்டு முடிச்சுட்டாங்க. முனவரை ஆம்புலன்ஸ்ல கோயம்புத்தூருக்கு இறக்கினாங்க. முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. இன்னிக்கும் இல்ல.

எல்லாரும் ஈரத் தரை மேல பழி போட்டாங்க. பெள்ளியப்பா தொழிலை விட்டுட்டு ஊருக்கே போயிட்டாரு. நான் எதுவும் சொல்லலை. எனக்கும் துக்கந்தான். மூணு நாள் கடை திறக்கலை.

ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, சனங்களுக்கு நன்றி கிடையாது. நாலு மாசம் கழிச்சு ஆப்பிளு, ஆரஞ்சு, மலைவாழைன்னு ஒரு பை நெறைய வாங்கிக்கிட்டு சைதாப்பேட்டைக்குப் போனேன். பச்சை அட்டையையும் எடுத்துக்கிட்டுப் போனேன், படுத்தே கிடக்கறானே, திரும்பப் படிச்சுக் காட்டலாம்னு. அந்தப் பொண்ணு ஷம்ஷாத் வாசப்படில நின்னு கதவைப் பாதி சாத்திக்கிட்டா. "அவரு உங்கள உள்ள விட வேணாம்னு சொல்லிட்டாரு சார்"னா. என்னம்மா, நான் புக் சாரும்மான்னேன். "தெரியும் சார். அவரு ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாரு. அந்தப் புஸ்தகத்துல நெஜமாவே அது இல்லியா, மறுபடி ஒருக்கா சொல்லச் சொன்னாரு"ன்னா.

ஜன்னல் வழியா அவன் தெரிஞ்சான். கட்டில்ல படுத்திருந்தான். என் குரல் கேட்டுச்சு அவனுக்கு. மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டான். கழுத்து வலி போல. அந்த மாதிரி அடிபட்டவங்களுக்கு ஒரே பக்கம் படுத்தா வலிக்கும்பாங்க.

இல்லம்மா, இல்லவே இல்லைன்னு சொல்லிட்டுப் பழத்தைக் குடுத்தேன். அவ வாங்கிக்கலை. எனக்கு மனசு விட்டுப் போச்சு. பெத்த பிள்ளையாட்டம் பாத்துக்கிட்டவனுக்கு இதுதானா மரியாதை. பஸ்ல வர்ற வழியெல்லாம் அழுதேன், சொல்றதுக்கு வெக்கமென்ன.

ஊருக்கு வந்ததும் ஒரு காரியம் பண்ணினேன். அந்த இருபத்தோராம் அத்தியாயத்தை, பதினெட்டுப் பக்கம், பிளேடு வச்சு அறுத்து எடுத்து வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன். யோசிச்சுப் பாருங்க, அது அந்தப் புத்தகத்துல இருந்ததாலதான இத்தனையும். முதல்லயே எடுத்திருந்தா அவன் கேட்டப்ப எனக்குச் சங்கடமே வந்திருக்காது. திரும்ப பைண்டிங் பண்ணினேன். கையில வச்சுப் பாருங்க, அறுத்த இடம் தெரியுதா? தெரியாது. இப்ப அது சுத்தமான புத்தகம். முதல் வரில இருந்து கடைசி வரி வரைக்கும் நல்லது மட்டுந்தான். யாருக்கு வேணும்னாலும் தைரியமாப் படிச்சுக் காட்டலாம்.

என்னங்க, டீயைத் தொடவே இல்ல?

உங்க குதிரையா? சனிக்கிழமை ஏறப்போறதா? அதைப் பத்தியெல்லாம் இங்க பேச வேண்டாம்னு நினைச்சேன். சரி, சொல்ல வந்துட்டீங்க, சொல்லுங்க.

ம். திருப்பம் வர்றதுக்கு முன்னாடி. ம். முன்னங்காலை மாத்தி மாத்தி வைக்குது. ஒரு தடவை இல்ல, மூணு நாலு தடவை. தலையை உள்பக்கமா சாய்க்குது. இந்த வாரமாத்தான். நிக்க வச்சுத் தடவிப் பாத்தா ஒண்ணும் தெரியலை.

முனவரும் இதே வார்த்தையைத்தான்... இல்லீங்க. ஒண்ணுமில்ல. டீ ஆறிப் போச்சு, சூடு பண்ணித் தர்றேன்.

புரியுது, நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு. லாயத்துல கேட்டா குதிரையைப் பிடுங்கிக்குவாங்க. இந்த சீசனை விட்டா அடுத்த சீசன் யாரு குடுப்பாங்க. அதனாலதான் என் கிட்ட வந்திருக்கீங்க. அவனும் என் கிட்டதான் வந்து கேட்டான்.

இல்லீங்க தம்பி. அப்படி ஒண்ணும் இந்தப் புத்தகத்துல இல்ல. அவன் கிட்டச் சொன்னப்பதான் அது முழு உண்மை கிடையாது. இப்ப உங்க கிட்டச் சொல்றது சத்தியமான உண்மை. நீங்களே ஒவ்வொரு பக்கமாப் புரட்டிப் பாத்துக்குங்க.

பாத்தீங்களா, கேட்டதும் முகம் எப்படித் தெளிஞ்சு போச்சுன்னு. அவனுக்கும் இப்படித்தான் தெளிஞ்சுச்சு.

காலை நல்லா மேல போட்டுக்கிட்டு உக்காருங்க. இன்னிக்குச் செவ்வாய். ஒரு நாளைக்கு எட்டு அத்தியாயம்னு வச்சுக்கிட்டா வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடலாம்.